அங்கன்வாடி–குடும்பக் கூட்டாண்மை

அங்கன்வாடி–குடும்பக் கூட்டாண்மை என்பது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவு, உடல்நலம், விளையாட்டு, கற்றல் ஆகியவற்றுக்கான பொறுப்பை அங்கன்வாடி மையமும் அக்குழந்தையின் குடும்பமும் பகிர்ந்துகொள்ளும் முறையைக் குறிக்கும். குழந்தையைப் பற்றி மையம் அறிந்ததைக் குடும்பத்துக்குச் சொல்லுதல், குடும்பம் அறிந்ததை மையம் கேட்டறிதல், இரண்டையும் கொண்டு அடுத்துச் செய்யவேண்டியதை இருவரும் சேர்ந்து முடிவெடுத்தல் என்பன இதன் மூன்று அடிப்படைச் செயல்களாகும்.

தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் 434 வட்டாரத் திட்டங்களில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இவற்றில் 4,940 குறு மையங்களாகும். இம்மையங்களுக்கு நாள்தோறும் வருவோர் பெரும்பாலும் இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள். அதற்கும் குறைந்த வயதுடைய குழந்தைகளுக்கான சத்துமாவு வீட்டுக்கே கொடுத்தனுப்பப்படுகிறது. ஊட்டக்குறையால் வளர்ச்சி தடைப்படும் வாய்ப்பு மிகுந்திருப்பது கருவுற்ற நாள் முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1000 நாட்களில்தான். ஆகவே மிகுந்த கவனம் தேவைப்படும் வயதில் குழந்தை மையத்தில் இருப்பதில்லை, வீட்டில்தான் இருக்கிறது. அந்த வயதுக் குழந்தையை மையம் குடும்பத்தின் வழியாக மட்டுமே அடையமுடியும். இக்காரணத்தால் குடும்பத்துடனான உறவு மையத்தின் பிற பணிகளுக்குத் துணையானது என்பதைவிட, அப்பணிகள் நடைபெறுவதற்கான வழி எனக் கருதப்படுகிறது.

திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கும் சவ்வாது மலைப் பகுதி போன்ற இடங்களில் குடியிருப்புகளின் தொலைவு, வேலைக்காகப் பெற்றோர் வெளியூர் செல்லுதல் ஆகியவற்றால் இக்கூட்டாண்மை தனித்த வடிவம் பெறவேண்டியிருக்கிறது.

சொற்பொருள்

"அங்கன்" என்பது முற்றத்தைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் திரிபு. "வாடி" என்பது மராத்தி, குசராத்தி ஆகிய மொழிகளில் தோட்டம் எனப் பொருள்படும். ஆகவே அங்கன்வாடி என்பதை முற்றத்துத் தோட்டம் எனலாம். தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் பால்வாடி என்ற சொல்லே இன்றும் பேச்சில் பெருவழக்காக உள்ளது. இதிலுள்ள "பால்" குழந்தை எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. பருகும் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குழந்தைகள் மையம் என்பது அரசு ஆவணங்களில் காணப்படும் மற்றொரு பெயராகும்.

கூட்டாண்மை என்ற சொல் ஒத்துழைப்பு என்பதிலிருந்து வேறுபடுத்தி ஆளப்படுகிறது. ஒத்துழைப்பில் மையம் முடிவெடுக்கும், குடும்பம் அதனைப் பின்பற்றும். கூட்டாண்மையிலோ முடிவெடுப்பதிலும் குடும்பத்துக்குப் பங்கு உண்டு.

வரலாறு

முற்றத்தில் தொடங்கிய பள்ளி

இந்தியாவில் முன்பருவக் கல்வியைப் பரப்பியவர்களுள் குசராத்தைச் சேர்ந்த கிசுபாய் பதேகா (1885–1939) முன்னோடியாவார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் (1892–1973) 1945 ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் கடலோர ஊரான போர்டியில் ஊர்ப்புறக் குழந்தைகளுக்கான நிலையத்தை நிறுவினார். அனுதாய் வாக் (1910–1992) அவருடைய நெடுநாள் துணையாக இருந்தார். 1950களில் இவர்களது பணி அருகிலுள்ள கோசுபாடு மலைப்பகுதிக்கு, வார்லி பழங்குடி மக்களிடையே நகர்ந்தது.

மையத்துக்குக் குழந்தைகளை வரவழைப்பது எளிதாக இருக்கவில்லை. மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. பெற்றோர் விடியும் முன்னரே வேலைக்குச் சென்றுவிடுவர். இதனால் பள்ளியையே குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டுசெல்லும் முறையை மோடக் கைக்கொண்டார். விலை கூடிய மாண்டிசோரிக் கருவிகளுக்கு மாற்றாக இலை, விதை, கூழாங்கல் முதலிய உள்ளூர்ப் பொருட்கள் கற்பித்தலில் பயன்படுத்தப்பட்டன. அங்கன்வாடி என்ற பெயர் முற்றத்தில் நடந்த இப்பள்ளிகளிலிருந்தே வந்தது. குடும்பம் மையத்துக்கு வர இயலாதபோது மையம் குடும்பத்தை நோக்கிச் செல்லவேண்டும் என்ற கருத்து இவ்வாறு பெயரிலேயே பதிந்துள்ளது.

தேசியத் திட்டம்

முன்பருவக் குழந்தைகளின் வளர்ச்சி குறித்து ஆராய அமைக்கப்பட்ட ஆய்வுக்குழு ஒன்றுக்கு மினா சுவாமிநாதன் தலைமை வகித்தார். 1972 ஆம் ஆண்டில் வெளியான அதன் அறிக்கை உணவு, உடல்நலம், கல்வி ஆகியவற்றை ஒன்றிணைத்து வழங்கும் சிந்தனைக்கு வலுவூட்டியது. 1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. இதன் ஆறு பணிகள் பின்வருமாறு:

- இணை உணவு
- முன்பருவக் கல்வி
- ஊட்டச்சத்து, உடல்நலக் கல்வி
- தடுப்பூசி
- உடல்நலப் பரிசோதனை
- மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல்

இவற்றுள் ஊட்டச்சத்து, உடல்நலக் கல்வி முழுவதும் பெண்களுக்கும் குடும்பத்துக்கும் உரியது. ஏனையவும் குடும்பத்தின் பங்கின்றி நிறைவேறாதவை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்

உலக வங்கியின் கடனுதவியுடன் 1980 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மையத்துக்கும் தாய்மாருக்கும் இடையிலான உறவைத் திட்டத்தின் நடுவில் வைத்த ஒன்றாகும். இதன் முதற்கட்டம் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் 1989 வரை நடைபெற்றது. இரண்டாம் கட்டம் 1990 முதல் 1997 வரை நீடித்தது. இத்திட்டத்தின் சிறப்புக் கூறுகள்:

- சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராக அவ்வூரிலேயே வசிக்கும் பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார். வறுமையிலும் தம் குழந்தைகளை நல்ல உடல்நலத்துடன் வளர்த்த தாய்க்கு முன்னுரிமை தரப்பட்டது.
- 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளின் எடை மாதந்தோறும் தாயின் முன்னிலையில் பார்க்கப்பட்டது.
- எடை போதிய அளவு கூடாத குழந்தைகளுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு இணை உணவு தரப்பட்டது. எடை கூடியதும் அது நிறுத்தப்பட்டது.
- ஊரிலுள்ள பெண்களைக் கொண்ட குழுக்கள் அமைக்கப்பட்டன. உணவு தயாரிப்பதிலும் செய்தியைப் பரப்புவதிலும் அவை பங்கெடுத்தன.

உணவு ஏன் தரப்படுகிறது, எப்போது நிறுத்தப்படும் என்பது தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இம்முறையின் உள்ளடக்கமாக இருந்தது. கடுமையான ஊட்டக்குறை கணிசமாகக் குறைந்ததை உலக வங்கியின் மதிப்பீடுகள் பதிவுசெய்தன. மிதமான ஊட்டக்குறையைக் குறைப்பதில் அதே அளவு வெற்றி கிட்டவில்லை.

சத்துணவுத் திட்டமும் பின்னரும்

1982 ஆம் ஆண்டு சூலை 1 ஆம் நாள் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஊர்ப்புறங்களில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு மையங்களிலும், 5 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவை வழங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 15 இல் இது நகர்ப்புறங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தையை நாள்தோறும் மையத்தில் விட்டுச்செல்லும் பழக்கம் பரவுவதற்கு இவ்வுணவு பெருங்காரணமாயிற்று.

கொரோனா பெருந்தொற்றினால் 2020 மார்ச்சு மாதத்தில் மையங்கள் மூடப்பட்டபோது சமைத்த உணவுக்கு மாற்றாக உலர் உணவுப் பொருட்கள் குடும்பங்களிடம் வழங்கப்பட்டன. 2022 மே மாதத்தில் உதகமண்டலத்தில் "ஊட்டச்சத்தை உறுதி செய்" என்ற திட்டத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஊட்டக்குறையுள்ள குழந்தைக்கு மட்டுமன்றி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கும் ஊட்டச்சத்துப் பெட்டகம் வழங்குவது இதன் சிறப்பாகும். இதன் இரண்டாம் கட்டம் 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது.

சட்டமும் கொள்கையும்

உச்ச நீதிமன்றம் 2006 ஆம் ஆண்டு திசம்பர் 13 ஆம் நாள் பிறப்பித்த ஆணையின்படி, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு, மையம் ஒன்றைக் கேட்டுப்பெறலாம். கேட்ட மூன்று மாதங்களுக்குள் அது அமைக்கப்படவேண்டும். இதனால் குடும்பங்கள் பயனாளிகள் என்ற நிலையிலிருந்து உரிமை கோருவோர் என்ற நிலைக்கு உயர்ந்தன. மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி ஆகியவற்றுக்கு அளவுகோல் தளர்த்தப்பட்டுள்ளது. அங்கு 300 முதல் 800 பேருக்கு ஒரு மையமும், 150 முதல் 300 பேருக்கு ஒரு குறு மையமும் அமைக்கலாம்.

2011 ஆம் ஆண்டில் நடுவண் அரசு வகுத்த கண்காணிப்பு வழிகாட்டுதல்கள் ஊர் மட்டத்தில் ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு குழுவை ஏற்படுத்தின. இதில் உள்ளாட்சி உறுப்பினருடன் தாய்மாரும் இடம்பெறுவர். 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்க்கும் உணவை உரிமையாக்கியது. அதே ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை குடும்பத்தையும் சமுதாயத்தையும் ஈடுபடுத்துவதை வலியுறுத்தியது. 2024 இல் நடுவண் அரசு வெளியிட்ட "நவசேதனா" என்னும் வரைவுச்சட்டகம் பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தையுடன் வீட்டில் பேசுதல், விளையாடுதல் முதலியவற்றுக்கான செயல்பாடுகளைக் கொண்டுள்ளது.

கோட்பாடு

அமெரிக்க உளவியலாளர் யூரி பிரான்ஃபன்பிரென்னர் 1979 இல் வெளியிட்ட மாந்த வளர்ச்சியின் சூழலியல் பற்றிய நூல் இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. குழந்தை வாழும் இடங்களான வீடு, பள்ளி ஆகியன தனித்தனியே நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அவற்றுக்கிடையிலான தொடர்பும் குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பது அவருடைய கருத்தாகும். அவர் 1965 இல் அமெரிக்காவில் தொடங்கிய "எட் சுடார்ட்" என்னும் முன்பருவத் திட்டத்தை வடிவமைத்தோருள் ஒருவர். அத்திட்டத்தில் பெற்றோர் கொள்கைக் குழுக்களில் உறுப்பினராக இருந்து முடிவெடுப்பதில் பங்கேற்கின்றனர்.

செயல்முறை

கூட்டாண்மை பின்வரும் தொடர்ச்சியான செயல்களின் வழியாக உருவாகிறது.

1. சேர்க்கை உரையாடல்: குழந்தை மையத்தில் சேரும் நாளில் பெயர், பிறந்த நாள் ஆகியவற்றுடன், வீட்டில் அதற்கு ஊட்டுபவர் யார், எப்போது உறங்கும், பசி, தண்ணீர், மலசலம் ஆகியவற்றுக்கு என்ன சொல் சொல்லும், எதற்கு அஞ்சும், யார் அழைத்துச்செல்ல வருவர் என்பன கேட்டறியப்படுகின்றன. குழந்தையின் சொல்லைப் பணியாளர் அறிந்திருந்தால் முதல் வாரத்து அழுகை குறையும்.

2. அன்றாடச் செய்தி: குழந்தையை அழைத்துச்செல்லும் நேரத்தில் அன்று உண்ட அளவு, உறக்கம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு முதலியன ஓரிரு தொடர்களில் சொல்லப்படுகின்றன. குறையை மட்டும் சொல்லும் மையத்தைக் குடும்பம் தவிர்க்கத் தொடங்கும். ஆகவே குழந்தை புதிதாகச் செய்த ஒன்றையும் சேர்த்துச் சொல்வது பயன் தரும்.

3. எடை பார்த்தல்: மாதந்தோறும் பார்க்கப்படும் எடை வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கப்படுகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2006 இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகள் 2008 முதல் இந்தியாவில் பின்பற்றப்படுகின்றன. வரைபடத்தில் பச்சை இயல்பான எடையையும், மஞ்சள் மிதமான எடைக்குறைவையும், ஆரஞ்சு கடுமையான எடைக்குறைவையும் காட்டும்.

4. இல்லச் சந்திப்பு: கருவுற்ற பெண்கள், பிறந்த குழந்தைகள், எடை கூடாத குழந்தைகள் ஆகியோரின் வீடுகளுக்குப் பணியாளர் செல்கிறார். சமையல் நேரத்தில் செல்லும்போது இணை உணவு எவ்வாறு, எவ்வளவு கெட்டியாக, நாளில் எத்தனை முறை ஊட்டப்படுகிறது என்பதை நேரில் காணமுடியும்.

5. மாதக் கூட்டம்: முன்பருவக் கல்விக்கான நாள், கிராம சுகாதார, ஊட்டச்சத்து நாள் ஆகியவற்றில் குடும்பத்தினர் மையத்துக்கு வருகின்றனர். தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுக்கு அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு, வீட்டுச் சடங்கு ஒன்றைப் பொதுநிகழ்ச்சியாக்கி அதனூடே உடல்நலச் செய்தியை வழங்குவதற்கு எடுத்துக்காட்டாகும்.

6. குறை கேட்டல்: உணவின் தரம், மையம் திறக்கும் நேரம், குழந்தை நடத்தப்படும் முறை ஆகியவை குறித்த குறைகளை அச்சமின்றிச் சொல்ல வழி இருக்கவேண்டும். பணியாளரிடம் நேரடியாகச் சொல்லத் தயங்குவோர்க்கு ஊர் மட்டக் குழுவும் வட்டார மேற்பார்வையாளரும் அடுத்த படிகளாவர்.

வளர்ச்சி வரைபடத்தைக் குடும்பத்துக்கு விளக்குதல்

எழுதப் படிக்கத் தெரியாதவரும் வரைபடக் கோட்டின் திசையைப் புரிந்துகொள்ள முடியும்:

- மேல்நோக்கிய கோடு: எடை கூடுகிறது. இப்போதைய உணவு முறையைத் தொடரலாம்.
- கிடைக்கோடு: எடை கூடவில்லை. நோயோ உணவுக் குறையோ இருக்கலாம்.
- கீழ்நோக்கிய கோடு: எடை குறைகிறது. உடனடிக் கவனமும் மருத்துவப் பரிசோதனையும் தேவை.

கோடு ஏன் கிடையாயிற்று என்பதற்கான விடை பெரும்பாலும் மையத்தில் இருப்பதில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்திருக்கலாம். தாய் அறுவடைக்குச் சென்றிருக்கலாம். ஒரு குழந்தைக்கென வழங்கிய சத்துமாவு வீட்டிலுள்ள மூன்று குழந்தைகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கலாம். இவற்றை அறிந்தவர் குடும்பத்தினரே. "குழந்தைக்கு ஒழுங்காக ஊட்டவில்லை" என்ற குற்றச்சாட்டுடன் பேச்சைத் தொடங்கினால் இவ்விடை வெளிவராது. பங்கிடுவது குற்றமாகக் கருதப்படும் எனத் தாய் அஞ்சினால் அவர் அதனை மறைப்பார். மையமும் தவறான காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும். அதற்குள் குழந்தையின் எடை மேலும் குறையலாம்.

எடையைக் குறிக்கும் தாய் சேய் பாதுகாப்பு அட்டை குடும்பத்திடம் இருக்கிறது. 2021 மார்ச்சு முதல் "போசன் டிராக்கர்" என்னும் கைபேசிச் செயலியிலும் இத்தரவு பதியப்படுகிறது. செயலியிலுள்ள பதிவு மேலதிகாரிகளைச் சென்றடைகிறது. வீட்டிலுள்ள அட்டையோ பாட்டி, தந்தை, செவிலியர், வேறு ஊரிலுள்ள பணியாளர் என யாவரும் பார்க்கக்கூடியது. செயலியில் பதிந்துவிட்டு அட்டையில் குறிக்காமல் விட்டால் குடும்பத்துக்குச் செய்தி சேராது.

சவ்வாது மலையில்

இடமும் மக்களும்

சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. திருப்பத்தூர் மாவட்டம் 2019 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் நாள் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இது சிவகங்கை மாவட்டத்திலுள்ள திருப்பத்தூரிலிருந்து வேறானது. புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு ஆகிய மலை ஊராட்சிகள் இம்மாவட்டத்தில் அமைந்துள்ளன. வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூரும் இம்மலையிலேயே உள்ளது.

இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் ஒற்றுமை இருப்பினும் இவர்கள் கேரள மக்களல்லர். மலையில் வாழ்வதால் இப்பெயர் பெற்ற இவர்களின் மொழி தமிழாகும். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7,94,697 பழங்குடியினருள் ஏறத்தாழ 3.58 லட்சம் பேர் மலையாளிகள். இதனால் இவர்களே மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடி ஆவர்.

2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25.0 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22.0 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். இவ்வாய்வு 2017 மார்ச்சு மாத மாவட்ட எல்லைகளைப் பின்பற்றியதால் திருப்பத்தூர் பகுதி வேலூர் மாவட்டக் கணக்கிலேயே அடங்கியது. சமவெளி நகரங்களும் மலைக் குடியிருப்புகளும் கலந்த அத்தகைய மாவட்டச் சராசரி, ஒரு மலை ஊரின் நிலையைக் காட்டாது. அங்குள்ள குழந்தைகளின் நிலையைக் காட்டக்கூடியவை அந்தந்த மையத்தின் எடைப் பதிவுகளும் வீட்டிலுள்ள அட்டைகளுமேயாகும்.

இடம்பெயர்வும் குடும்பமும்

மானாவாரி வேளாண்மை, ஆடு மாடு வளர்ப்பு, புளி, கடுக்காய், தேன், பலா முதலிய விளைபொருட்கள் ஆகியவை மலை மக்களின் வாழ்வாதாரங்களாகும். இவை ஆண்டு முழுவதும் போதாமையால் கருநாடகம், கேரளம் ஆகிய மாநிலத் தோட்டங்களுக்கும், சமவெளியில் கட்டட வேலைக்கும் பலர் பருவந்தோறும் செல்கின்றனர். அப்போது குழந்தைகள் பாட்டி, தாத்தா அல்லது அத்தையின் பொறுப்பில் விடப்படுகின்றனர். கைக்குழந்தைகள் பெற்றோருடனே செல்வதுமுண்டு.

இச்சூழலில் "பெற்றோர் கூட்டம்" என்ற அமைப்பு முழுப்பயன் தராது. கூட்டத்துக்கு அழைக்கப்படும் தாய் ஊரில் இருப்பதில்லை. நாள்தோறும் ஊட்டும் பாட்டிக்கு அழைப்பு இருப்பதில்லை. ஆகவே பின்வருவன இங்கு முதன்மை பெறுகின்றன:

- குழந்தையின் பதிவில் பெற்றோரின் பெயருடன், உண்மையில் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் சேர்த்தல்.
- கூட்டங்களுக்கும் எடை பார்க்கும் நாளுக்கும் பாட்டிமாரை முறையாக அழைத்தல்.
- குடும்பம் வெளியூர் செல்லும் முன் தடுப்பூசி, எடை விவரங்களை அட்டையில் முழுமையாக்கி உடன் கொடுத்தனுப்புதல்.
- திரும்பிய முதல் வாரத்திலேயே எடை பார்த்து இடைவெளியை அறிதல்.
- செல்லும் இடத்திலுள்ள அங்கன்வாடியிலும் குழந்தைக்கு உணவும் தடுப்பூசியும் பெறமுடியும் என்பதைத் தெரிவித்தல்.

மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியிலிருந்து நிற்பதும் மலைப்பகுதிகளில் காணப்படும் சிக்கலாகும். நம்பத்தகுந்த மையம் ஒன்று குடியிருப்பில் இருப்பது, அங்கு வரும் சிறு குழந்தைக்கும், பள்ளிக்குச் செல்லவேண்டிய அதன் அக்காவுக்கும் ஒருங்கே பயன்படும்.

நேரமும் தொலைவும்

மலைக் குடியிருப்புகள் சிதறி அமைந்தவை. மழைக்காலத்தில் ஓடையைக் கடந்து சிறு குழந்தையை அனுப்பக் குடும்பத்தினர் தயங்குவர். இதனைக் குடும்பத்தின் அக்கறையின்மை எனப் பதிவுசெய்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். விதைப்பு, அறுவடை, புளி உலுக்கும் பருவம் ஆகியவற்றில் வீட்டார் விடியலிலேயே வெளியேறுவதால், அப்பருவங்களில் கூட்ட நேரத்தை ஊராருடன் பேசி மாற்றிக்கொள்வது வருகையை உயர்த்தும். ஊர்க்கவுண்டர் முதலிய ஊர்ப்பெரியவர்கள் கூடும் நாளில் மையத்தின் செய்தியையும் சேர்ப்பது மற்றொரு வழியாகும்.

உணவு

சாமை, கேழ்வரகு, தினை ஆகியவை மலையின் மரபு உணவுகள். சாமை அரிசியுடன் பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்த சோறும், கேழ்வரகுக் கூழும் ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு ஏற்றவை. கேழ்வரகு சுண்ணாம்புச்சத்து மிகுந்த தானியமாகும். வீட்டு உணவு தாழ்ந்தது, பொட்டலத்தில் வரும் மாவே சிறந்தது என்ற எண்ணத்தை மையம் தன்னையறியாமல் விதைத்துவிடக் கூடும். குடும்பத்தின் உணவை ஏற்று, அதனைக் கெட்டியாக்குதல், எண்ணெயோ பருப்போ கீரையோ முட்டையோ சேர்த்தல், ஊட்டும் முறைகளைக் கூட்டுதல் ஆகியவற்றைச் சொல்வது எளிதில் பின்பற்றப்படும். கூழைத் தண்ணீராகக் கரைத்துத் தந்தால் சிறு வயிறு நிறையுமே தவிர எடை கூடாது என்பது இங்கு சொல்லவேண்டிய முதன்மையான செய்தியாகும்.

மொழியும் வழக்கும்

மலை மக்களின் பேச்சுத்தமிழ் பாடநூல் தமிழிலிருந்து வேறுபட்டது. தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் பயன்படும் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்னும் பாடத்திட்டம் கதை, பாடல், விளையாட்டு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. இதனோடு அவ்வூர்ப் பாட்டிமாரின் தாலாட்டு, விடுகதை, கதை ஆகியவற்றைச் சேர்க்கும்போது குழந்தைக்கு மையம் அந்நியமாகத் தோன்றாது. மையத்துக்கு வந்து கதை சொல்லும் பாட்டி, அங்கு நடப்பவற்றை ஊருக்கு எடுத்துச்செல்பவருமாகிறார்.

சிக்கல்கள்

- பணிச்சுமை: சமையல், கற்பித்தல், எடை பார்த்தல், பதிவேடுகள், செயலிப் பதிவு, கணக்கெடுப்பு எனப் பல பணிகள் ஒருவர் மீது சேர்கின்றன. குறு மையங்களில் இது மேலும் கடினம். நேரம் குறையும்போது முதலில் கைவிடப்படுவது இல்லச் சந்திப்பேயாகும்.
- பணிநிலை: அங்கன்வாடிப் பணியாளர்கள் மதிப்பூதிய அடிப்படையில் கருதப்பட்டு வந்தவர்கள். பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என 2022 ஏப்ரல் 25 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
- பணியாளர் மாற்றம்: நம்பிக்கை ஆண்டுக்கணக்கில் வளர்வது. பணியிடம் காலியாக இருப்பதும், தொலைவிலிருந்து வருபவர் அமர்த்தப்படுவதும் அதனைக் குலைக்கும்.
- தனியார் மழலையர் பள்ளிகள்: ஆங்கில வழிக் கல்வியை விரும்பும் குடும்பங்கள் மூன்று வயதிலேயே குழந்தையை மையத்திலிருந்து விலக்குகின்றன. இதனையொட்டித் தமிழ்நாடு அரசு 2019 சனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது.
- தந்தையரின் பங்கு: கூட்டங்களும் செய்திகளும் தாயை மட்டுமே நோக்கியிருப்பதால், வீட்டுச் செலவை முடிவுசெய்யும் தந்தையர் பெரும்பாலும் விடுபடுகின்றனர்.

பிற இடங்களில்

சத்தீசுகர் மாநிலத்தின் பழங்குடிப் பகுதிகளில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான "புல்வாரி" என்னும் பகல்நேரக் காப்பகங்கள் உள்ளன. தாய்மாரே முறைவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வடிவம் அம்மாநில அரசால் 2012 முதல் விரிவாக்கப்பட்டது. இதில் பராமரிப்பாளரும் குடும்பமும் ஒருவரே.

நியூசிலாந்தில் 1982 இல் தொடங்கிய "கோகங்கா ரேயோ" என்னும் மொழிக்கூடுகள், மாவோரி மொழி அறிந்த முதியோரையும் குடும்பங்களையும் மழலையர் நிலையத்தின் நடுவில் வைத்தன. அந்நாடு 1996 இல் வெளியிட்ட முன்பருவப் பாடத்திட்டம், பாய் எனப் பொருள்படும் "தே ஃபாரிகி" என்ற மாவோரிச் சொல்லால் அழைக்கப்படுகிறது. குடும்பமும் சமுதாயமும் அதன் நான்கு கொள்கைகளுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

- ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்
- சத்துணவுத் திட்டம்
- தாராபாய் மோடக்
- மலையாளி (பழங்குடி)
- சவ்வாது மலை
- திருப்பத்தூர் மாவட்டம்
- ஊட்டக்குறை